மூன்று நாள் விருந்தாளி

(முன்னாள் மாணவர் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சங்கச் செயலாளர் என்னைப் பேச அழைத்தபோது கொடுத்த தலைப்பு 'வளைகுடா நாடுகளில் வேலைவாய்ப்பு'. அதைப் பற்றிப் பேச என்னைவிடத் தகுதியான மூத்தவர்கள் முன்வரிசையிலேயே அமர்ந்திருக்கிறார்கள். விசா, சம்பளம், கான்டிராக்ட் எல்லாம் அவர்களிடம் டீ இடைவேளையில் கேட்டுக்கொள்ளுங்கள். நான் மஸ்கட்டில் வேலை பார்க்கிற ஒரு ஆட்டோமொபைல் இன்ஜினீயர். எனக்குத் தெரிந்த இரண்டே விஷயங்களைச் சொல்லலாம் என்று வந்திருக்கிறேன். ஒன்று, மணலில் வண்டி எப்படி ஓடுகிறது. இன்னொன்று, மணலில் வண்டி ஓடாமல் நின்றுவிட்டால் மனிதர்கள் என்ன செய்கிறார்கள். இரண்டாவதுதான் முக்கியம். ஆனால் முதலாவதைச் சொல்லாமல் அங்கே போக முடியாது.

1949-ல் சி. ராஜம் அவர்கள் குரோம்பேட்டையில் இந்தக் கல்லூரியை ஆரம்பித்தபோதே ஆட்டோமொபைல் ஒரு பாடப்பிரிவாக இருந்தது என்பது உங்களுக்குத் தெரியும். ஆகவே மண்ணையும் சக்கரத்தையும் பற்றி இங்கே பேசினால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டீர்கள் என்ற தைரியம் எனக்கு.

ஓமன் நாட்டில், மஸ்கட்டிலிருந்து ஏறக்குறைய 200 கிலோமீட்டர் தெற்கே போனால் பிதியா என்று ஒரு ஊர். பேரீச்சந்தோப்பு முடிகிற இடத்தில் சட்டென்று மணல் மலை ஆரம்பமாகிவிடும். வஹீபா மணல் என்று அதற்குப் பெயர். இப்போது அரசாங்க ஏடுகளில் ஷர்கியா மணல் என்று எழுதுகிறார்கள். வடக்கு தெற்காக சுமார் 180 கிலோமீட்டர், கிழக்கு மேற்காக சுமார் 80 கிலோமீட்டர். சில மேடுகள் 100 மீட்டர் உயரம் இருக்கும். நம்ம திருநீர்மலையையும் பச்சைமலையையும் உருக்கி, மஞ்சளும் செம்மண்ணும் கலந்து அலை அலையாக ஊற்றிவைத்தது போல மனதில் கற்பனை செய்துகொள்ளுங்கள்.

அங்கே சுற்றுலாக்காரர்களுக்கு வாடகைக்குக் கிடைக்கிற வாகனத்துக்குப் பெயர் டெசர்ட் பக்கி. நம்ம ஊரில் 'பக்கி' என்று யாரையும் ஆசையாகக் கூப்பிடுவதில்லை. அங்கே மணிக்கு இவ்வளவு ரியால் என்று பணம் கட்டிக் கூப்பிடுகிறார்கள்! சென்ற ஜனவரியில் நானும் மனைவியும் ஒன்பது வயது மகளும், ஊரிலிருந்து வந்திருந்த என் அப்பாவுமாக ஒரு நாள் போனோம். அப்பா தாம்பரம் ரயில்வே ஷெட்டில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். வண்டியைச் சுற்றி வந்து பார்த்தார். "என்னடா இது, பாடி கட்டாத லாரி சேசிஸை அப்படியே ஓட்டிட்டு வந்துட்டானா?" என்றார். ஜி.எஸ்.டி. ரோட்டில் தலையில் துணியைச் சுற்றிக்கொண்டு வெறும் சேசிஸ் ஓட்டிப் போகிற டிரைவர்களைப் பார்த்தவர்களுக்கு இந்த உவமையின் அருமை புரியும்.

அப்பா சொன்னது ஏறக்குறைய சரிதான். எஃகுக் குழாய்களை வளைத்துச் செய்த ஒரு கூண்டு. கவிழ்ந்தால் தலையைக் காப்பாற்ற அந்தக் கூண்டு, தூக்கி எறியாமல் இருக்க நான்கு முனை பெல்ட். நீண்ட தூரம் ஏறி இறங்குகிற சஸ்பென்ஷன், அகலமான டயர், இருக்கைக்குப் பின்னால் ஆயிரம் சி.சி. அளவில் ஒரு இரட்டை சிலிண்டர் இன்ஜின். கதவு என்று பேருக்கு ஒன்று. இந்த வம்சத்தின் தாத்தாவை 1964-ல் கலிஃபோர்னியாவில் புரூஸ் மேயர்ஸ் என்பவர் செய்தார். படகு கட்டத் தெரிந்தவர். ஃபோக்ஸ்வேகன் பீட்டிலின் சஸ்பென்ஷனையும் இன்ஜினையும் எடுத்துக்கொண்டு, அதன்மேல் ஃபைபர் கண்ணாடியில் படகு மாதிரி ஒரு உடம்பை வைத்தார். மேயர்ஸ் மாங்க்ஸ் என்று பெயர். 1967-ல் மெக்சிகோவின் பாலைவனப் பந்தயத்தில் மற்ற வண்டிகளையும் மோட்டார் சைக்கிள்களையும் பின்னே தள்ளி முதலில் வந்து சேர்ந்தது அந்தப் படகு வண்டிதான்.

இனி மணலுக்கு வருவோம். தார் ரோட்டில் டயருக்கு 35 பவுண்டு காற்று அடிக்கிறோம். மணலில் இறங்குமுன் பெரிய ஜீப்புகளில் அதை 15 பவுண்டுக்கு இறக்குவார்கள். ஏன்? டயர் தரையை அழுத்துகிற அழுத்தம் ஏறத்தாழ உள்ளே இருக்கிற காற்றின் அழுத்தத்தை ஒட்டியே இருக்கும். காற்றைப் பாதிக்கும் கீழே குறைத்தால் டயர் சப்பையாகி, தரையைத் தொடுகிற பரப்பு இரண்டு மடங்குக்கு மேல் ஆகிவிடும். அதே எடை, அதிகப் பரப்பு, குறைந்த அழுத்தம். வண்டி புதையாமல் மிதக்கும். ஒட்டகத்தின் பாதத்தைப் பாருங்கள். இரண்டே விரல், அடியில் அகலமான மெத்தை. காலை வைத்தால் விரிந்துகொடுக்கும். நாம் நாலாவது செமஸ்டரில் படித்ததை அது பிறவியிலேயே படித்துவிட்டு வருகிறது.

மணல்மேட்டுக்கு இரண்டு முகம் உண்டு. காற்று அடிக்கும் பக்கம் சாய்வாக, இறுக்கமாக இருக்கும். மறுபக்கம் மணல் தானாகச் சரிந்து 32 முதல் 34 டிகிரி கோணத்தில் நிற்கும். அதற்குமேல் ஒரு பிடி மணல் போட்டாலும் சரிந்துவிடும். ஆகவே இறுகிய பக்கம் ஏறு, உச்சியில் வேகத்தைக் குறை, மறுபக்கம் நேராக இறங்கு, குறுக்கே திருப்பாதே. இதையெல்லாம் முறையாக ஆராய்ந்து எழுதியவர் ரால்ஃப் பாக்னோல்ட் என்ற பிரிட்டிஷ் ராணுவப் பொறியாளர். 1920-களிலும் 30-களிலும் சாதாரண ஃபோர்டு கார்களை லிபியப் பாலைவனத்தில் ஓட்டினார். ரேடியேட்டரில் ஆவியாகும் தண்ணீரைப் பிடித்துத் திரும்ப ஊற்ற ஒரு தகரப் பாத்திரம், புதைந்த சக்கரத்துக்கு அடியில் கொடுக்க எஃகுத் தகடுகள், இப்படிச் சின்னச் சின்ன உபாயங்கள் செய்தார். காற்று மணலைச் சுமக்கிற விதத்தைப் பற்றி 1941-ல் அவர் வெளியிட்ட புத்தகம் இன்றும் செவ்வாய்க் கிரகத்து மணல்மேடுகளை ஆராய்கிறவர்களுக்குப் பாடநூல். அங்கே உள்ள ஒரு மணல்மேட்டுத் தொகுதிக்கு அவர் பெயரையே வைத்திருக்கிறார்கள். மாணவர்கள் கவனிக்க வேண்டியது, இவ்வளவு தெரிந்த மனிதர் ஒரே ஒரு வண்டியில் பாலைவனத்துக்குப் போனதில்லை. எப்போதும் கூட்டமாகத்தான் போனார்.

நாங்களும் இரண்டு வண்டியில்தான் போனோம். முன்னால் வழிகாட்டி, அவர் பக்கத்தில் அப்பா. பின்னால் நான், மனைவி, மகள். ஒரு மணி நேரம் அமர்க்களமாக இருந்தது. மகள் ஒவ்வொரு மேட்டின் உச்சியிலும் கத்தினாள். மனைவி கண்ணைத் திறக்கவே இல்லை என்று பிற்பாடு ஒப்புக்கொண்டார். பத்து மணி சுமாருக்கு முன்வண்டியிலிருந்து ரப்பர் கருகுகிற வாசனை வந்தது. வண்டி நின்றது. இன்ஜின் ஓடுகிறது, சக்கரம் சுற்றவில்லை.

விஷயம் எளிது. இந்த வண்டிகளில் கியர்பெட்டிக்குப் பதிலாக இரண்டு கப்பிகளும் நடுவில் ஒரு ரப்பர் பெல்ட்டும் இருக்கும். ஹாஸ்டல் வாசலில் நிற்கிற கியர் இல்லாத ஸ்கூட்டர்களில் இருக்கிற அதே ஏற்பாடுதான். மணலில் பளு அதிகம், காற்றில் தூசி, பெல்ட் வழுக்கும், சூடேறும், ஒரு நாள் நார் நாராகப் பிய்ந்துபோகும். கையில் மாற்று பெல்ட் இருந்தால் அரைமணி வேலை. வாடகைக்கு விட்டவர்கள் டூல் பையில் ஸ்பேனர் வைத்திருந்தார்கள், பெல்ட் வைக்கவில்லை. மீதி வண்டியில் நான்கு இருக்கை, நாங்கள் ஐந்து பேர். "பிரிஞ்சு போக வேண்டாம். நீ போய் பெல்ட்டை எடுத்துட்டு வாப்பா, நாங்க வண்டிகிட்டயே இருக்கோம்" என்று அப்பா வழிகாட்டியிடம் தமிழிலேயே சொல்ல, அந்தப் பையனுக்கும் அது எப்படியோ புரிந்தது. பாலைவனத்தில் முதல் விதி அதுதான். நின்றுபோன வண்டியை விட்டு நடந்து போகாதே. தேடுகிறவன் கண்ணுக்கு மனிதனைவிட வண்டி சீக்கிரம் படும்.

உயிருக்கு ஆபத்து என்றெல்லாம் கதை கட்ட மாட்டேன். ஜனவரி மாதம், இதமான வெயில், கையில் தண்ணீர் இருந்தது. பக்கத்தில் ஒரு மரமும் இருந்தது. அரபியில் காஃப் என்கிறார்கள். அப்பா இலையைக் கிள்ளிப் பார்த்து, "அட, இது வன்னிமரம்டா!" என்றார். உண்மைதான். விருத்தாசலம் கோயிலில் தலமரமாக நிற்கிற அதே வன்னி. அங்கே ஒட்டகத்துக்குத் தீனியும் மனிதனுக்கு நிழலும் அதுதான். மேலே சொட்டு ஈரம் கிடையாது, வேர் மட்டும் மிக ஆழத்துக்குப் போய்த் தண்ணீரைத் தேடிக்கொள்ளும்.

கால்மணி நேரத்தில் பழைய டொயோட்டா பிக்கப் ஒன்று வந்து நின்றது. பின்னால் புல்லுக்கட்டும் இரண்டு ஆடும். இறங்கியவர் அறுபது வயதைத் தாண்டிய ஒரு பெதுயின் பெரியவர், கூடப் பன்னிரண்டு வயதுப் பேரன். ஸலாம் சொன்னார். வண்டியைப் பார்த்தார். என் மகளைப் பார்த்தார். கையை நெஞ்சில் வைத்து, "தஃபத்தல்" என்றார். 'வாருங்கள், உங்கள் இடம் போல' என்று அர்த்தம் வரும். வண்டியை விட்டு வர நாங்கள் தயங்குவது அவருக்குப் புரிந்துவிட்டது. பேரனிடம் ஒரு வார்த்தை சொன்னார். அந்தப் பையன் குதித்து இறங்கி எங்கள் பக்கியில் ஏறி உட்கார்ந்துகொண்டான், வழிகாட்டி வந்தால் தகவல் சொல்ல. அந்த ஏற்பாட்டைச் செய்ய அவருக்குப் பத்து விநாடி ஆகியிருக்காது.

ஈச்ச ஓலைத் தட்டி வைத்த வீடு. தரையில் கம்பளம். முகத்துக்கு மறைப்பு அணிந்த வீட்டம்மாள் என் மனைவியின் கையைப் பிடித்து உட்கார வைத்தார். முதலில் பேரீச்சம்பழம், கை கழுவக் கிண்ணத்தில் தண்ணீர். பிறகு காபி. நம்ம டிகிரி காபி என்று நினைக்காதீர்கள். பாலும் இல்லை, சர்க்கரையும் இல்லை, ஏலக்காய் மணக்கிற இளமஞ்சள் கஷாயம். நீண்ட மூக்கு வைத்த பாத்திரம் இடது கையில், பிடியில்லாத சின்னக் கிண்ணம் வலது கையில். கிண்ணத்தை நிறைக்க மாட்டார்கள். அடியில் கொஞ்சம்தான் ஊற்றுவார்கள். நிறைய ஊற்றினால் 'குடித்துவிட்டுக் கிளம்பு' என்று பொருளாகிவிடுமாம். குடித்து நீட்டினால் மறுபடி ஊற்றுவார்கள். போதும் என்றால் வாயால் சொல்ல வேண்டாம், கிண்ணத்தை லேசாக ஆட்டிக் கொடுக்க வேண்டும். மூன்று தடவை வாங்கிக்கொள்வது மரியாதை. அப்பாவுக்கு இந்த விதி தெரியாததால் ஐந்து தடவை வாங்கிக்கொண்டார். நான் கிண்ணத்தை ஆட்டிக் காட்டிய பிறகுதான் நிறுத்தினார்.

என் மனைவிக்குக் கை சும்மா இருக்கவில்லை. மத்தியானத்துக்குக் கட்டி எடுத்துவந்த புளியோதரை டப்பாவைத் திறந்து வீட்டம்மாளிடம் நீட்டினார். அந்த அம்மாள் ஒரு வாய் போட்டுக்கொண்டார். ஒரு நிமிஷம் ஒன்றும் பேசவில்லை. பிறகு கண்ணில் தண்ணீர் வர ஒரே சிரிப்பு. குழந்தைகளைக் கூப்பிட்டார். காரத்தில் 'ஸ்ஸ்' என்று ஊதிக்கொண்டே டப்பாவைக் காலி செய்துவிட்டன. பெரியவர் ஆடு அறுக்கக் கத்தியோடு கிளம்ப, நாங்கள் சைவம் என்பதைக் கையால் காலால் விளக்கித் தடுப்பதற்குள் எனக்கு வியர்த்துவிட்டது. இறைச்சி வேண்டாம் என்கிற விருந்தாளியை அவர் வாழ்க்கையில் பார்த்திருப்பாரோ என்னவோ, மிகுந்த கவலையோடு கத்தியைக் கீழே வைத்தார்.

வழிகாட்டி வந்து கிளம்பும்போது அப்பா சட்டைப்பையில் கைவிட்டார். பெரியவர் முகம் மாறியது. வழிகாட்டி அவசரமாக அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டார். பணம் வெளியே வரவில்லை. வீட்டம்மாள் எங்கள் டப்பாவைத் திருப்பிக் கொடுத்தார். கனமாக இருந்தது. திறந்தால் உள்ளே பேரீச்சம்பழம்! மனைவி என்னைப் பார்த்தார். "பாத்திரத்தை வெறுமனே திருப்பிக் குடுக்கக் கூடாதுன்னு எங்க பாட்டி சொல்லுவாங்க. இங்கயும் அந்தப் பாட்டி இருந்திருக்காங்க போல" என்றார்.

அதற்கு அப்புறம்தான் பெரியவர் முதல் கேள்வியைக் கேட்டார், "ஹிந்த்? கேரளா?" என்று. அப்பா நிமிர்ந்து நின்று, "தாம்பரம்" என்றார். பெரியவர் மிகுந்த மரியாதையோடு "தம்-ப-ரம்" என்று திரும்பச் சொன்னார். இவ்வளவு நேரமும் நாங்கள் யார், என்ன மதம், என்ன வேலை, எதற்கு வந்தோம் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. சாப்பிட்டு முடிக்கிறவரை கேட்கக்கூடாது என்பதும் அங்கே வழக்கமாம்.

நண்பர்களே, இதை 'ஏழைகளின் நல்ல மனசு' என்று சொல்லி ஒரு பெருமூச்சு விட்டுப் போய்விடலாம். நான் இன்ஜினீயர், எனக்கு அது போதவில்லை. இந்த வழக்கம் எப்படி வேலை செய்கிறது என்று யோசித்துப் பார்த்தேன்.

பாலைவனத்தில் ஒருவனிடம் தண்ணீரும் உணவும் இருக்கும் நாளில் இன்னொருவனிடம் இருக்காது. கிணறு வறண்டுபோகும், ஒட்டகம் ஓடிப்போகும், மழை வேறெங்கோ பெய்யும். இன்று கொடுக்கிறவன் நாளை வாசலில் நிற்கிறவன். வங்கியும் இல்லை, இன்ஷூரன்ஸும் இல்லை. ஆகவே வந்தவன் வயிற்றிலேயே சேமித்து வைக்கிறார்கள். நாம் பாலத்துக்கு உபரி பலம் வைத்துக் கட்டுகிறோமே, அதுபோல ஒரு சமூகத்துக்கு வைத்த உபரி பலம் இது. இதற்கு ஒரு அளவும் உண்டு. வந்தவனுக்கு மூன்று நாள் உரிமை என்பது பழைய கணக்கு. மூன்று நாள் சோறு, மூன்று நாள் பாதுகாப்பு. அதற்குமேல் தங்குவது அவன் கௌரவத்துக்குக் குறைவு. காபிக் கிண்ணத்தை ஆட்டுவது போல விருந்தாளிக்கும் கடமைகள் இருக்கின்றன. எல்லை இருப்பதால்தான் இல்லாதவனும் தைரியமாகக் கதவைத் திறக்கிறான். எல்லையற்ற விருந்தோம்பல் நாளடைவில் தானே முறிந்துவிடும்.

எல்லையைத் தாண்டியவர்களும் இருந்தார்கள். வில்ஃப்ரட் தெசிஜர் என்ற ஆங்கிலேயர் 1946 முதல் சில ஆண்டுகள் பெதுயின்களோடு ஒட்டகத்தில் அரேபியாவின் பெரும் பாலைவனத்தைக் கடந்தவர். வஹீபா மணலிலும் பயணம் செய்திருக்கிறார். 1959-ல் அவர் எழுதிய 'அரேபியன் சாண்ட்ஸ்' புத்தகத்தில் கந்தலோடு வருகிற ஒரு கிழவர் வருகிறார். கூட இருந்தவர்கள் அந்தக் கிழவரை அரசரைப் போல வரவேற்கிறார்கள். காரணம் கேட்டால், ஒரு காலத்தில் நிறைய ஒட்டகம் வைத்திருந்தவர், வந்தவர்களுக்கெல்லாம் அறுத்துப் போட்டே ஏழையானவர் என்கிறார்கள். கொடுத்துக் கெட்டவனுக்கு அங்கே அவ்வளவு மதிப்பு.

நடைமுறையையும் சொல்லிவிடுகிறேன். தெசிஜர் பார்த்த பாலைவனம் இன்று இல்லை. 1970-ல் சுல்தான் காபூஸ் பொறுப்புக்கு வந்தபோது ஓமன் முழுவதிலும் தார் ரோடு பத்து கிலோமீட்டர்தான். இன்று பிதியா வழியாக எக்ஸ்பிரஸ் ரோடு போகிறது. பெதுயின் வீட்டில் செல்போன் இருக்கிறது, பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிறார்கள். சுற்றுலா முகாம்களில் 'பெதுயின் விருந்து' என்று கட்டணம் போட்டு விற்கிறார்கள். அந்த விருந்தைச் சமைத்துப் பரிமாறுகிறவர்களில் வங்காளதேசத்துக்காரரும் கேரளத்துக்காரரும் நம்ம ஊர்ப் பையன்களும் உண்டு. விற்பதில் தவறில்லை, அவர்களும் பிழைக்க வேண்டாமா? ஆனால் ரசீது போட்டு வாங்கிய காபிக்கும் ரசீது இல்லாத காபிக்கும் ருசி ஒன்றாக இருந்தாலும் வேலை வேறு. முன்னது பசியைத் தீர்க்கும். பின்னது 'இந்த இடத்தில் நீ தனியாக இல்லை' என்று சொல்லும்.

திரும்பி வரும் வழியில் அப்பா வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "மூணு நாள்னா சொன்னே?" என்றார். "ஆமாம்ப்பா." "முடிச்சூர்லயும் மூணு நாள்தான்டா" என்றார்.

இங்கே உட்கார்ந்திருக்கிற பலருக்கு விளக்கவே வேண்டாம். 2015 டிசம்பர் 1-ம் தேதி. ஒரே நாளில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை. அடையாறு கரை தாண்டி முடிச்சூர், வரதராஜபுரம், மேற்குத் தாம்பரம் எல்லாம் தண்ணீர். விமான நிலையத்தையே மூடினார்கள். கரண்ட் இல்லை, போன் இல்லை. நான் மஸ்கட்டில் உட்கார்ந்து அப்பாவின் நம்பரை அடித்துக்கொண்டே இருந்தேன். இங்கே அப்பாவும் அம்மாவும் இடுப்பளவு தண்ணீரில் பக்கத்துத் தெருவுக்கு நடந்திருக்கிறார்கள். முன்பின் தெரியாத ஒரு வீட்டின் மாடியிலிருந்து ஒரு அம்மாள், "மேல வாங்க, மேல வாங்க" என்று கத்திக் கூப்பிட்டிருக்கிறார். அந்த மாடியில் பதினொரு பேர். மூன்று நாள் கஞ்சியும் ஊறுகாயும். "முத நாள் யாரும் யார் பேரையும் கேக்கலைடா. தண்ணி வடிஞ்சப்புறம்தான் கேட்டுக்கிட்டோம்" என்றார் அப்பா. பத்து வருஷமாக அவர் இதை இவ்வளவு விரிவாகச் சொன்னதில்லை. சொல்ல வைத்தது அந்த ஏலக்காய்க் காபி.

ஆகவே 'பாலைவனத்துக்காரனைப் பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள்' என்று புத்தி சொல்ல நான் வரவில்லை. நமக்கே தெரிந்த விஷயம்தான். வள்ளுவர் இதற்கு ஒரு அதிகாரமே ஒதுக்கியிருக்கிறார். பழந்தமிழில் 'விருந்து' என்ற சொல்லுக்குப் புதுமை என்று பொருள். விருந்தினர் என்றால் புதியவர், நமக்குத் தெரியாதவர். மாமா, சித்தப்பா, சம்பந்தி வந்தால் அது உறவு. முன்பின் அறியாதவன் வந்தால்தான் விருந்து. தெருவைப் பார்த்துத் திண்ணை கட்டினோம், சித்திரையில் தண்ணீர்ப் பந்தல் போட்டோம், சுமை தூக்கி வருகிறவன் இறக்கிவைக்க வழியில் சுமைதாங்கிக் கல் நட்டோம். அப்பாவின் அம்மா ராத்திரி மிச்சச் சோற்றில் தண்ணீர் ஊற்றுவதற்கு முன் வாசலில் ஒருமுறை எட்டிப் பார்ப்பார்களாம், யாராவது வருகிறார்களா என்று.

இன்று அந்தத் திண்ணை இருந்த இடத்தில் என்ன இருக்கிறது? பெருங்களத்தூரிலிருந்து மேடவாக்கம் வரை அடுக்குமாடி கேட். அங்கே ஒரு ரிஜிஸ்டர், ஒரு கேமரா. உச்சிவெயிலில் சாப்பாடு கொண்டுவந்து கொடுக்கிற பையன் லிஃப்டில் ஏறக்கூடாது என்று சில இடங்களில் போர்டு. காவல் வேண்டாம் என்று சொல்லவில்லை. காலம் அப்படி இருக்கிறது, எனக்கும் ஒரு மகள் இருக்கிறாள். ஆனால் அந்த ரிஜிஸ்டருக்குப் பக்கத்தில் ஒரு மண்பானைத் தண்ணீர் வைக்க எந்தப் பாதுகாப்பு விதி தடுக்கிறது? வெள்ளத்தில் கதவைத் திறந்த அதே ஜனங்கள்தான் நாம். வெள்ளம் வந்தால்தான் திறப்போம் என்று ஏன் இருக்க வேண்டும்?

பொதுவாகப் பேசிவிட்டு உட்கார்ந்தால் எனக்கே திருப்தி இருக்காது. ஆகவே இந்தச் சங்கத்துக்கு ஒரு விண்ணப்பம் வைக்கிறேன்.

நம் கல்லூரியிலிருந்து ஒவ்வொரு வருஷமும் பிள்ளைகள் முதல் வேலைக்குத் தெரியாத ஊர்களுக்குப் போகிறார்கள். புனேவுக்கு, குர்கானுக்கு, தோஹாவுக்கு, மியூனிக்குக்கு. முதல் மூன்று நாள்தான் கஷ்டம். அறை கிடைக்காது, சிம் கார்டு இருக்காது, கையில் பணம் இருந்தும் எங்கே சாப்பிடுவது என்று தெரியாது. அதுபோலவே தேனியிலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் முதலாண்டு சேர வருகிற பிள்ளை விடியற்காலை கிளாம்பாக்கத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி, பெட்டியும் அப்பாவுமாகத் திகைத்து நிற்கிறது. அவர்களுக்காக ஒரு 'மூன்று நாள் நோட்டு' ஆரம்பிப்போம். உங்கள் பெயர், ஊர், எத்தனை பேரைத் தங்க வைக்க முடியும் என்று எழுதுங்கள். நோட்டு சங்க அலுவலகத்தில் பத்திரமாக இருக்கட்டும். நம் கல்லூரிப் பிள்ளை என்று சங்கம் உறுதி செய்து அனுப்புகிறவர்களுக்கு மூன்று நாள் இடம், சாப்பாடு, ஊரைப் பற்றி நாலு வார்த்தை. மூன்றாம் நாள் முடிவில் அவர்கள் கிண்ணத்தை ஆட்டிவிட வேண்டும். அது அவர்கள் பக்கத்துக் கடமை. திருப்பித் தர வேண்டியது பணமாக வேண்டாம். பத்து வருஷம் கழித்து வேறொரு பிள்ளைக்கு அவர்கள் கதவு திறந்தால் போதும், கடன் அடைந்துவிடும்.

தம்பி தங்கைகளே, உங்களுக்கு ஒரு வார்த்தை. நல்ல வண்டி செய்யுங்கள். பெல்ட் அறுந்துபோகாத வண்டி செய்தால் உங்களைப் பாராட்டுகிற முதல் ஆள் நான்தான். ஆனால் எவ்வளவு நல்ல வண்டியும் ஒரு நாள் எங்காவது நிற்கும். அன்றைக்கு அந்தப் பக்கம் வருகிறவர் வண்டியை நிறுத்துவாரா என்பதை எந்த டிசைனும் தீர்மானிக்காது. நீங்கள் அடுத்தவருக்காக எத்தனை தடவை நிறுத்தியிருக்கிறீர்கள் என்பதுதான் தீர்மானிக்கும்.

நோட்டு வாசலில் பதிவு மேஜையில் இருக்கிறது. முதல் வரியில் மஸ்கட் என்று எழுதியிருக்கிறேன். மூன்று பேர் தங்கலாம். புளியோதரை உண்டு. இரண்டாவது வரி முடிச்சூர். அதை அப்பா எழுதச் சொன்னார். மூன்றாவது வரி காலியாக இருக்கிறது.